கையை விடச் சொன்ன டாக்டரம்மா

அன்பான சகோதர சகோதரிகளே, நிம்மதியாக விழுவதற்குக்கூட எனக்குச் சுதந்திரம் இல்லாத ஒரு காலம் இருந்தது. புதுத் துறைமுகம் திறந்த வருஷம் அது. மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, மில்லர்புரத்தில் வீட்டோடு இருந்தேன். முதலில் வலது கை நடுங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பிறகு நடை சுருங்கிக் குட்டிக்குட்டி அடியாகப் போனது. பார்க்கின்சன் வியாதி என்றார்கள். மாத்திரையில் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. விழுவது அடங்கவில்லை.

ஒரு ஞாயிறு கோயிலிலேயே விழுந்தேன். நற்கருணை வாங்கிவிட்டு, பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியைப் பிடித்து எழும்பித் திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. சபையார் அத்தனை பேர் முன்னாலும் தடாலென்று விழுந்தேன். நெற்றி புடைத்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். தோணிக் கம்பெனியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் ஒரு கையைப் பிடிப்பார். அவருடைய அக்கா, என் மதினி, மறு கையைப் பிடிப்பார்கள். குளிக்கப் போனாலும் ஊர்வலம்தான். அப்படியும் விழுந்தேன். முன்பு தனியாக விழுந்தேன், இப்போது மூன்று பேராக விழுந்தோம். கோயிலில் சபைக்குருவான ஐயர் நற்கருணையை என் இடத்துக்கே கொண்டுவந்தார். அந்த அவமானம் தாங்காமல் கோயிலுக்குப் போவதையே நிறுத்தினேன். இனி நம்மைத் தூக்கிக்கொண்டு போவது கல்லறைத் தோட்டத்துக்குத்தான் என்று அழுதேன். "ஆண்டவரே, கிராதிவரை போய்வர எனக்குக் கால் தாரும். என் கையை நீரே பிடித்துக்கொள்ளும்" என்று தினமும் ஜெபித்தேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் பாளையங்கோட்டையில் நரம்பு வியாதி பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருப்பதாக ஐயர் சொன்னார். மூவரும் போனோம்.

"டீச்சரம்மா, கையைக் கட்டிக்கிட்டு, நாற்காலியை விட்டு நீங்களா எழும்புங்க" என்றார் டாக்டரம்மா. நான் அசையுமுன் இந்தப் பக்கம் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் மதினி.

"ஏளா, மெதுவா, மெதுவா" என்கிறார் வீட்டுக்காரர்.

"எழும்புதது அவங்களா, நீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அடுத்து, சுவர்வரை நடந்து திரும்பி வரச் சொன்னார். வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எனக்கு முன்னால் போனார், கோழி பிடிக்கப் போகிறவரைப் போல. பிறகு டாக்டரம்மா என் பின்னால் வந்து நின்றார்.

"உங்க தோளைப் பின்னால இழுப்பேன். நீங்களா சமாளிச்சு நிக்கியளான்னு பாக்கணும். விழுந்தா நான் பிடிச்சுக்கிடுவேன்."

அவர் பின்னால் இழுக்க, வீட்டுக்காரர் பாய்ந்து வந்து முன்னால் இழுக்க, நடுவில் நான் கயிறாகிவிட்டேன். வியாதி வந்த பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். டாக்டரம்மா இரண்டு பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

மறுபடி இழுத்தார். தடுமாறினேன். பின்னுக்குச் சில அடி வைத்து நின்றேன். நானாக நின்றேன் சகோதரிகளே, யார் கையும் இல்லாமல். நடக்கச் சொன்னார், நடந்தேன். திரும்பச் சொன்னார், அங்கேதான் கால் ஒட்டிக்கொண்டு சாய்ந்தேன். சொன்னபடி பிடித்துக்கொண்டார்.

கதவைத் திறந்து அவர்களை உள்ளே கூப்பிட்டார். "நேரா நல்லா நடக்காங்க. நின்ன எடத்துல திரும்பும்போதுதான் விழுதாங்க. அண்ணாச்சி, நீங்க கையைப் பிடிச்சு இழுக்கும்போது உடம்பு உங்களோட வருது, காலு வர மாட்டேங்கு. கையை விட்டுருங்க. பின்னால நெருங்கி நின்னுக்கிடுங்க. இவங்க வட்டமா நடந்து திரும்பட்டும்."

வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தோணியை நின்ன எடத்துலயா திருப்புவோம்? வட்டம் போட்டுல்லா திருப்பணும். இவளை மட்டும் பம்பரம் மாதிரி சுத்தப் பாத்துருக்கேன்."

வீட்டு முற்றத்தில் தினமும் பழகினேன். கையை நீட்டாமல் இருக்க அவரும் பழகினார். அவர் பாடம்தான் கஷ்டமான பாடம்.

கிறிஸ்துமஸ் ஆராதனை வந்தது. நற்கருணைக்கு எழும்பினேன். வரிசையில் எத்தனையோ கைகள் நீண்டன. "யாரும் தொடாதிய" என்று மதினியே அதட்டிவிட்டார்கள். கிராதிவரை நடந்தேன். முழங்காற்படியிட்டேன். ஐயர் தந்த அப்பத்தை வாங்கினேன். கிராதியைப் பிடித்து எழும்பினேன். இனித் திரும்ப வேண்டும். மெதுவாக, பெரிய வட்டமாக நடந்தேன். வட்டம் ஆண்கள் பக்கம்வரை போய்விட்டது. முன்வரிசைப் பெரியவர்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். "கப்பல் வருது, வழி விடுங்கய்யா" என்று ஒருவர் முணுமுணுத்தார். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் என் இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

வியாதி என்னை விட்டுப் போகவில்லை. ஊசியில் இன்றும் மதினிதான் நூல் கோத்துத் தருகிறார்கள். ஆனால் நான் கேட்டதை ஆண்டவர் தந்தார். என் கையைப் பிடியும் என்றேன். அவர் முதலில் மற்றவர்கள் கையை விலக்கினார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் ஜெபியுங்கள். நல்ல டாக்டரிடம் நடையைக் காட்டுங்கள். அவர்கள் விடச் சொன்னால், நம்பி விடுங்கள்.

என் வீட்டுக்காரர் இப்போதும் ஞாயிறுதோறும் எனக்குப் பின்னாலேயே கிராதிவரை வருகிறார், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு. அவர் பண்ணுகிற ஜெபம் அதுதான்.