நிறைந்து போன விமானத்தை வெறுமையான விமானம் என்று வாதாடிய கதை

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு விமானம் நிலத்தை விட்டு எழும்புகிற வேகத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்து, அதன் வயிற்றுக்குள் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டி, அந்த முடிவைக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு அரச அதிகாரிகளுக்கு முன்னால் வாதாடிய முட்டாள் நான்தான். வேறு யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

1. வானத்துக்கும் வாசல் உண்டு

பிராங்பேர்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சரக்கு விமானக் கம்பனியில் எனக்கு வேலை. எங்கள் விமானத்தில் பயணிகள் இல்லை, சாமான் மட்டும். என் பிரிவு ட்ராஃபிக் ரைட்ஸ், அதாவது பறப்பு உரிமை. நான் இருக்கும் டார்ம்ஸ்டாட்டில் கலியாண வீடோ பிறந்தநாள் வீடோ, எங்கே போனாலும் ஒரு அக்கா என்னைப் பிடித்துவிடுவார்.

"தம்பி எயார்லைனிலதானே வேலை? கொழும்புக்கு டிக்கெட் குறைச்சு எடுக்கலாமோ?"

"அக்கா, நாங்கள் ஆக்களை ஏத்திறேல்லை. சாமான்தான்."

"அப்ப என்ர சூட்கேசை மட்டுமெண்டாலும் ஏத்துங்கோவன்."

யன்னலால் பார்த்தால் வானம் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் ஒரு நாட்டில் போய் இறங்க அந்த நாடும் ஜெர்மனியும் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். சில நாடுகள் தாராளமாகத் தரும். சில கிள்ளித்தான் தரும்: ஜெர்மன் கம்பனிகள் எல்லாம் சேர்ந்து கிழமைக்கு இவ்வளவு பறப்புத்தான், அதற்கு மேல் இல்லை. அந்த இவ்வளவை யாருக்குக் கொடுப்பது என்று இங்குள்ள அரச அலுவலகம் தீர்மானிக்கும். எங்களிடம் விமானம் இருக்கும், பைலட் இருப்பார், சாமான் அனுப்ப ஆள் இருக்கும். உரிமை மட்டும் இராது. சோறு கறி எல்லாம் சமைத்து மேசையில் வைத்துவிட்டு, சாப்பிடலாமா என்று கேட்க வரிசையில் நிற்பதுதான் என் தொழில்.

2. கோப்பி மெஷினடியில்

நான் சொல்லப்போகும் நாடு ஆசியாவில் இருக்கிறது. பெயர் வேண்டாம், இன்னமும் அவர்களிடம் கெஞ்சிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த நாட்டுக்கான பறப்புகள் முழுவதும் எங்களைவிடப் பல மடங்கு பெரிய ஒரு போட்டிக் கம்பனியின் கையில். ஆனால் ஒரு விதி உண்டு. வைத்திருப்பவர் உரிமையை ஒழுங்காகப் பயன்படுத்தாவிட்டால் மற்றவர் அதைக் கேட்கலாம். அவர்களுடைய வெள்ளிக்கிழமைப் பறப்பில் நான் கண் வைத்தேன்.

அந்தப் பறப்பில் நிரோஷாவின் வேலையும் தொங்கிக்கொண்டிருந்தது. நிரோஷா எங்கள் விற்பனைப் பிரிவுக்காரி. ஹம்பேர்க்கில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வாடிக்கையாளரோடு ஜெர்மனில் சண்டை பிடிப்பாள், என்னோடு தமிழில். அவளுடையது தற்காலிக ஒப்பந்தம். "இந்த றூட் கிடைத்தால் உன்னை நிரந்தரமாக்குவேன். கிடைக்காவிட்டால் இலையுதிர் காலத்தோடு முடிந்தது" என்று எங்கள் மேலாளர் அம்மா ஃபிரவ் கெஸ்லர் நேரே சொல்லிவிட்டார். வாடகை அறையில் இருந்தவள், அதை நம்பிப் பக்கத்திலேயே வீடு பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

"அண்ணை, உங்களைத்தான் நம்பியிருக்கிறன்" என்றாள், மேல் மாடிக் கோப்பி மெஷினடியில் என்னைப் பிடித்து.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். வீட்டுத் திறப்பு உம்மட கைக்கு வந்த மாதிரித்தான்."

"என்னட்ட ஏதும் விபரம் வேணுமெண்டால் கேளுங்கோ. அந்த நாட்டுச் சாமானெல்லாம் நான்தான் பாக்கிறன்."

"சேல்ஸ் விபரம் எனக்கென்னத்துக்குப் பிள்ளை? இது சட்ட விஷயம்."

இந்தக் கடைசி வசனத்தை ஞாபகம் வைத்திருங்கள். விற்பனைப் பிரிவு கீழ் மாடி, நாங்கள் மேல் மாடி. மேல் மாடிக்காரர் ஒப்பந்தங்களைக் கரைத்துக் குடிப்போம். ஒரு பெட்டியைக் கண்ணால் கண்டிருக்க மாட்டோம். சரக்குக் கம்பனியில் இது ஒரு வகைப் பெருமை.

3. என் ஆராய்ச்சி

வெள்ளிக்கிழமை வந்தால் விமானங்களைக் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த விமானத்தையே பார்த்தேன். மற்ற சரக்கு விமானங்கள் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறும். இது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரித் துள்ளிக்கொண்டு ஏறியது. பாரமில்லை. பாரமில்லை என்றால் சாமானில்லை. சாமானில்லை என்றால் உரிமையை வீணாக்குகிறார்கள். எனக்கு என் மூளையை நினைக்கவே கண் கலங்கியது.

"நிச்சயமா?" என்றார் ஃபிரவ் கெஸ்லர்.

"நிச்சயம்."

Antrag, அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்தோம். அதன் பிறகு பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் வேறு வேலை தேடுவீர்கள். பிரதி கேட்டார்கள், அனுப்பினோம். பிரதி உண்மையான பிரதிதான் என்பதற்கு ஒரு பிரதி கேட்டார்கள். அந்த நாட்டுக்காரர், முதலில் ஜெர்மனி சொல்லட்டும் என்றார்கள். இவர்கள், முதலில் அந்த நாடு சொல்லட்டும் என்றார்கள். விசாரணைக்கு Termin, அதாவது நாள், தந்தார்கள், தள்ளிப் போட்டார்கள், தள்ளிப் போட்டதற்கு வருத்தம் தெரிவிக்க இன்னொரு கடிதம் போட்டார்கள். நிரோஷா ஒவ்வொரு நாளும் படியேறி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போவாள்.

4. பம்பர்

கடைசியில் விசாரணை நாள் வந்தது. நடுவில் ஒரு அதிகாரி அம்மா. எதிரே போட்டிக் கம்பனிக்காரர், சிரித்த முகம். நான் செயலியில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அந்த விமானம் வெறுமையாகப் போகிறது என்று நிறுவி முடித்தேன். கைதட்டாததுதான் குறை.

போட்டிக்காரர் எழும்பவில்லை. இருந்தபடியே பேசினார். "வெறுமையா? கூரை முட்ட நிறைந்து போகிறது. உள்ளே இருப்பது கார் பம்பர். இடம்தான் பிடிக்கும், பாரமே இராது. அவ்வளவு பம்பரும் யாருடையவை என்பதை இவர் தன்னுடைய கம்பனியிலேயே கேட்டுப் பார்க்கலாம். அந்த விமானத்தில் பெரும் பங்கு இடத்தை வாங்கி வைத்திருப்பது இவர்கள்தான்."

எனக்குப் பக்கத்தில் இருந்த ஃபிரவ் கெஸ்லர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் முன்னாலிருந்த தண்ணீரைக் குடித்தேன். அது அவருடைய கிளாஸ்.

விஷயம் இதுதான். எங்களுக்குப் பறக்க உரிமை இல்லை. வாடிக்கையாளரைக் கைவிடவும் ஏலாது. அதனால் நிரோஷா போட்டிக் கம்பனியின் விமானத்திலேயே இடம் வாங்கி எங்கள் சாமானை அனுப்பிக்கொண்டிருந்தாள். சரக்குத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். மேல் மாடியில் இருக்கும் எங்களுக்குத்தான் தெரியாது.

உடனே பிளேட்டைத் திருப்பிப் போட்டேன். "பார்த்தீர்களா, ஒரு விமானத்தை நிரப்ப எங்களிடம் சாமான் இருக்கிறது! அதனால்தான் உரிமை கேட்கிறோம்!"

"நல்ல காரணம்" என்றார் அதிகாரி அம்மா. "அதை ஏன் எழுதவில்லை? விமானம் வெறுமையாகப் போகிறது என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்?"

உரிமை இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

அலுவலகத்துக்கு வந்து, வேலைக்குச் சேர்ந்த நாள் தொடக்கம் முதல் தடவையாகக் கீழ் மாடிக்குப் போனேன். விற்பனைப் பிரிவு எந்தப் பக்கம் என்று ஒருவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

"அந்தப் பம்பரெல்லாம் உம்முடையதோ?"

"ஓம். ஏன் அண்ணை?"

சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "கேளுங்கோ எண்டு சொன்னனான்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பினாள்.

அதன் பிறகு போட்டிக் கம்பனி எங்களுக்கு இடம் தருவதை நிறுத்தியது. எங்கள் வாடிக்கையாளரான பம்பர்க்காரர் நேரே அவர்களிடமே போனார். இலையுதிர் காலத்தில் நிரோஷாவின் ஒப்பந்தமும் முடிந்தது. ஆனால் பம்பர்க்காரர், "என் சாமானைப் பார்க்க அந்தப் பெண்தான் வேண்டும்" என்று பிடிவாதமாக நின்றாராம். அவர்கள் அவளை எடுத்தார்கள், நிரந்தர வேலைக்கு. வீட்டுத் திறப்பும் கிடைத்தது. அதில் என் பங்கு என்ன என்று யாரும் கேட்க வேண்டாம்.

5. கற்றுக்கொண்டது

உரிமை காகிதத்தில் இருக்கும், அதற்கான நியாயம் சாமானில் இருக்கும். சாமானைத் தெரிந்த ஆளிடம், அவர் உங்களோடு ஒரே கட்டிடத்தில் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இவ்வளவு செலவு.

இந்த முறை அதே நாட்டுக்கு இன்னொரு பறப்புக் கேட்டுப் போனோம். அதே அலுவலகம், அதே நடைபாதை. எதிர்ப்பக்க வாங்கில் நிரோஷா, போட்டிக் கம்பனியின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இருந்தாள். கற்ற பாடத்தைக் கையோடு பாவிப்போம் என்று பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"பிள்ளை, இந்த முறை வாதாட முதலே கேக்கிறன். உங்கட பிளேன் நிறைஞ்சோ போகுது?"

"இனிச் சொல்ல ஏலாது, அண்ணை."