ஒரு அடி மணலில் தண்ணீர் இறங்க ஆயிரம் வருஷம்

கணக்கு டைப் அடிக்கிற வேலைக்குக் கணக்கு தெரிந்த ஆள் ஆகாது. பாதியில் கையை எடுத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்துவிடுவார். எனக்கு அந்த ஆபத்து இல்லை. ப்ளஸ் டூ கணக்கில் தட்டுத் தடுமாறிப் பாஸ். காலேஜ் வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு, மன்னார்புரத்தில் ரஃபீக் பாய் கடையில் சேர்ந்தேன். ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தீசிஸ் டைப் செய்து பைண்டிங் போட்டுக் கொடுக்கிற கடை. ஆராய்ச்சிக் கட்டுரையைத் திறந்து, முதல் சமன்பாட்டைப் பார்த்ததும் டீ குடிக்கக் கிளம்பியவரா நீங்கள்? வெட்கப்படாதீர்கள், நம்ம கூட்டம் பெரிசு.

நாமம்

டைப் அடித்ததைச் சரிபார்க்க எங்களிடம் ஒரே வழிதான். வந்தவர் தாளைப் பார்த்து வாய்விட்டு வாசிப்பார், நான் திரையில் பார்த்துக்கொண்டே வருவேன். கிரேக்க எழுத்துக்கள், கணக்குக் குறிகளின் பெயர் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அதனால் கடையிலேயே பெயர் வைத்துவிட்டோம். ξ புழு. ∫ கொக்கி. ψ நாமம்; அதன் நிஜப் பெயர் சை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மலர்விழி அக்காவுக்கு வையம்பட்டி. கொள்ளிட மணலில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் அவர் ஆராய்ச்சி. அதில் ஒரு அத்தியாயம் முழுக்க ஒரு வெளிநாட்டுக் கட்டுரையின் சமன்பாட்டை நம்பி நிற்கிறது. சமன்பாடோ அவருக்குப் புரியவில்லை. "கமிட்டி முன்னாடி விளக்கு, இல்லைன்னா அந்தச் சேப்டரை எடுத்துடு" என்று கைடு சொல்லிவிட்டார். எடுத்தால் ரெண்டு வருஷம் வெயிலில் ஆற்றுக்குள் நின்று அளந்ததெல்லாம் வீண்.

எங்களோடு வாசித்து வாசித்து அக்காவுக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. டிபார்ட்மென்ட்டில் ஒத்திகை பார்த்தபோது, "காய்ஞ்ச மண்ணுல நாமம் பெரிசா இருக்கும்" என்று மைக்கில் சொல்லிவிட்டார். அறையே சிரித்ததாம். நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் அக்காவே சொன்னார்: "விடு ரம்யா, சைன்னு சொன்னா பயமா இருக்கு, நாமம்னா மண்ணு தண்ணியை இழுக்கிற இழுப்புன்னு டக்குனு ஞாபகம் வருது."

எளிதில் தெரியும்

அந்தக் கட்டுரையில் மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவே, 'இதிலிருந்து எளிதில் தெரியும்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஒரு வாரமாக அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்தில் இருந்து ஒரு மாமா பிரின்ட் எடுக்க வருவார், ரிட்டயர்டு கணக்குப் பேராசிரியர். அவரிடம் நீட்டினோம்.

மாமா கண்ணாடியை மாற்றினார், பென்சில் கேட்டார், எங்கள் வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கம் எல்லாவற்றையும் நிரப்பினார். உச்சிக்கால சேவைக்குப் போக வேண்டியவர் அதையும் மறந்தார். கடைசியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எளிதில் தெரியும்னு ஒருத்தன் எழுதினா அங்க மூணு பக்கத்தை முழுங்கிட்டான்னு அர்த்தம் கொழந்தே, அடியேனும் க்ளாஸ்ல அப்படித்தான் முழுங்கிண்டு வந்தேன்."

மூடிவிட்டுப் படிப்பது

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரே வரியில் அக்கா குடியிருந்ததைப் பார்த்து எரிச்சல் வந்தது. "அந்த வரியை விட்டுட்டு அடுத்த பக்கம் போங்கக்கா, என்ன இப்போ?" என்றேன். "கணக்கை விட்டா பேப்பர்ல என்ன இருக்கும்?" என்றார். பைண்டிங் அட்டைத் துண்டுகளை எடுத்து எல்லாச் சமன்பாட்டையும் மூடினேன். மிச்சம் இருந்த சொற்களை மட்டும் வாசிக்கச் சொன்னேன்.

நிறைய இருந்தது. மணல் காய்ந்திருந்தால் என்ன, நனைந்திருந்தால் என்ன, எதை அளந்தார்கள், எதை அளக்காமல் சும்மா வைத்துக்கொண்டார்கள், எல்லாம் நேரான வாக்கியத்தில் எழுதியிருந்தது. அக்காவுக்கே ஆச்சரியம். கல்லாவில் இருந்து பாய் தலையைத் தூக்காமல் சொன்னார்: "பிரியாணிக்கு முதல்ல எத்தனை பேருன்னுதானே கேப்போம், பட்டை கிராம்பு எத்தனைன்னா கேப்போம்?"

ஆயிரம் வருஷம்

அடுத்து, அக்கா சமன்பாட்டில் எழுத்துக்குப் பதிலாக எண்ணைப் போட்டுப் பார்த்தார். ஒரு அடி மணலில் தண்ணீர் இறங்க எவ்வளவு நேரம்? கால்குலேட்டர் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் என்றது. அக்கா ரெண்டாம் தடவையும் அதே விடையைக் கொண்டுவந்து, "சரியாத்தான் வருது" என்றார். "முக்கொம்புல போய் ஆத்து மணல்ல ஒரு சொம்பு ஊத்துங்கக்கா, நீங்க நிமிர்றதுக்குள்ள காணாம போயிடும்" என்றேன். கொஞ்சம் முறைத்தார்.

முறைத்துக்கொண்டே அந்தக் கட்டுரையையும், மணலுக்கான எண்ணை எடுத்த இன்னொரு கட்டுரையையும் புரட்டினார். கண்டுபிடித்தது அவர்தான். ரெண்டு கட்டுரையிலும் k என்று ஒரு எழுத்து வருகிறது. ஒன்றில் அது தண்ணீர் இறங்கும் வேகம். இன்னொன்றில், எது பாய்ந்தாலும் சரி, மணலுக்கே உள்ள ஒரு குணம். அங்கே கிடைத்த எண்ணை இங்கே போட்டிருக்கிறார். மாற்றிப் போட்டதும் விடை நிமிஷக் கணக்குக்கு வந்துவிட்டது. அக்கா பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "ஒரே ஆளு, காலையில கண்டக்டர் வேலை, சாயங்காலம் வாட்ச்மேன் வேலை, சட்டையைப் பாக்காம டிக்கெட் கேட்டுட்டேன்."

கமிட்டி

கமிட்டி கூடிய அன்றைக்கு எனக்குத்தான் டைப்பிங் ஓடவில்லை. சாயங்காலம் அக்கா வந்து நடந்ததைச் சொன்னார். ஒரு எக்ஸாமினர் நேராக அந்த நாலாவது வரியில் விரலை வைத்து, "எப்படி வந்தது?" என்றாராம். அக்கா, "மூணாவது வரைக்கும் தெரியும் சார். நாலாவது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியலை. ஆனா காய்ஞ்ச மணலுக்கும் நனைஞ்ச மணலுக்கும் எண்ணு போட்டுப் பாத்தேன், ரெண்டும் நான் ஆத்துல அளந்ததோட ஒத்துவருது" என்றிருக்கிறார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, அத்தியாயம் இருக்கட்டும் என்றார்களாம். கணக்கு டிபார்ட்மென்ட்டில் கேட்டு, விட்டுப்போன படிகளை நடுவில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? நடுவில் சேர்த்தால் அதற்குப் பின்னால் வரும் எல்லாச் சமன்பாட்டு எண்ணும் மாறும். 'மேலே பார்த்த சமன்பாட்டின்படி' என்று வருகிற இடமெல்லாம் மாறும். என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "கோச்சுக்காத ரம்யா, சேப்டர் இருக்கிறதாலதான் நம்பர் மாறுது."

புரியவில்லை என்று நானும்தான் பள்ளிக்கூடத்தில் தினமும் சொன்னேன். எந்த வரி என்று சேர்த்துச் சொல்லத் தெரியாததால் எனக்கு டாக்டர் பட்டம் கிடைக்காமல் போய்விட்டது.