கார்புரேட்டருக்குக் கட்டிய டை

"சிவகாசி செல்வமணி, மோட்டார் இயந்திர நிபுணர்" என்று 1958இல் ஆமத்தூர் ஆலயத்தில் மூன்று ஞாயிறும் திருமண ஓலை வாசித்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று குருவானவர் கேட்டபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். செல்வமணி பட்டாசுக் கம்பெனியில் மைதாப் பசை காய்ச்சுகிறவர்.

நிபுணரானது இப்படி: முதலாளியின் கார், போருக்கு முந்தைய சீமை வண்டி. அதில் கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் காற்று புகுந்துகொண்டிருந்தது. செல்வமணி வெடிக்குழாய் சுற்றும் அட்டையில் ஒரு வளையம் வெட்டி, பசை தடவி ஒட்டிக்கொடுத்தார். வண்டி ஓடியது. பட்டமும் ஒட்டிக்கொண்டது.

மணப்பெண் ஞானதீபம் நர்சு. கொதிக்கிற பசை தெறித்துக் கை வெந்தபோது செல்வமணிக்குக் கட்டுப் போட்டவர். கை ஆறிய பிறகும் ஒரு மாதம் கட்டு மாற்றப் போனவர் செல்வமணி. பெண்ணின் அப்பா பால்துரை வாத்தியாருக்கு மட்டும் நிபுணர்மேல் ஐயம்.

"அந்தக் கார்லயே வாங்க மாப்பிள்ளை. ஊர் எல்லையில இருந்து பேண்டுக்குப் பின்னால நிக்காம வரணும். வண்டி நின்னா கல்யாணமும் நிக்கும்" என்றுவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வண்டி தன் குணத்தைக் காட்டியது. ஆக்சிலேட்டரில் காலை வைத்தால் பாய்ந்தது, எடுத்தால் அணைந்தது. பேண்டுக்காரர் நடக்கிற வேகம் அதற்குப் பிடிபடவே இல்லை. செல்வமணி தன் ஒட்டுவேலையைத் தவிர வண்டியின் எல்லா உறுப்புகளையும் சந்தேகப்பட்டார்.

"பெட்ரோல்ல தண்ணி கெடக்கோலே?" என்றார் டிரைவர் கோட்டைச்சாமி.

"இல்லண்ணே, பிளக்கு நமத்துப்போச்சு."

பற்றாத வெடிக்குச் செய்யும் வைத்தியத்தையே செய்தார். பிளக்குகளைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வெயிலில் காயவைத்தார். மத்தியானம் ஒருமுறை புரட்டியும் போட்டார்.

"வத்தல் காஞ்சிருச்சா? வறுக்க எண்ணெய் காய வைக்கவா?" என்றார் கோட்டைச்சாமி.

திரும்ப மாட்டினார்கள். வண்டி முன்போலவே அணைந்தது, கொஞ்சம் சூடாக.

மறுநாள் காலை பாய விட்டே ஆமத்தூர் எல்லைவரை கொண்டுவந்துவிட்டார்கள். பேண்டு செட் முன்னால் தயாராக நின்றது. காலை எடுத்ததும் வண்டி அணைந்தது. செல்வமணி மாலையும் கோட்டுமாக இறங்கி இன்ஜின் மூடியைத் திறந்தார். கோட்டைச்சாமி மறுபடி உறும விட்டபோது, அலங்காரத்துக்குக் கட்டிய ரோஸ் தாள் ஒன்று பறந்துபோய்க் கார்புரேட்டரின் கழுத்தில் ஒட்டியது. பிய்த்துவிட்டால் திரும்பவும் அங்கேயே ஒட்டியது.

எட்டிப் பார்த்த கோட்டைச்சாமி, "ஏலே, அங்கன காத்தக் குடிக்குதுலே!" என்றார்.

செல்வமணி குனிந்து பார்த்தார். அட்டை இருந்தது, பசை இல்லை. மொய் எழுதிவிட்டுக் கிளம்புகிறவர்கள்போல் இரண்டு கரப்பான்கள் வெளியே வந்தன. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். கால் காசு ஓலைவெடிக்குக்கூட அதை மறக்காதவர், பெட்ரோல் வாடைக்குப் பூச்சி வராது என்று காருக்கு மட்டும் கலக்காமல் விட்டிருந்தார்.

"பந்திய நேத்தே போட்டுட்டியேலே."

"சிரிக்காதீக அண்ணே. வண்டிய எடுங்க."

புதிதாக ஒட்டினால் காய நேரமில்லை. செல்வமணி தன் டையை அவிழ்த்துத் தண்ணீரில் நனைத்து, அந்த இடத்தைச் சுற்றி இறுக்கினார். இன்ஜின் சீராக முனகியது. பிடியைத் தளர்த்தினால் திக்கியது.

வழியில் எதிர்கொண்ட பால்துரை திகைத்தார். "மாப்பிள்ளை ஏன் வெளியில தொங்குதாக?"

"சிவகாசி வழக்கம் சார்" என்றார் கோட்டைச்சாமி.

வாத்தியார் சக்கரத்தைப் பார்த்தார். அது உருண்டுகொண்டிருந்தது.

செல்வமணி காரின் படியில் நின்று, இன்ஜினுக்குள் கையை விட்டு டையை இறுக்கிப் பிடித்தபடியே ஆலய வாசல்வரை வந்தார். அந்தக் கரிக்கையாலேயே ஞானதீபத்துக்குத் தாலி கட்டினார்.