ஜார்ஜியாவில் ஓர் எண்ணெய்க் குளியல்

பஸ் கதவைத் திறந்தாலே புளியோதரை வாசம்தான் முகத்தில் அடிக்கும். கூடவே விபூதி, தைலம், ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிக்சர்... ஆனால் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் ஜார்ஜியா நாட்டு மலை!

தென்காசியில் ஒரு சின்ன டிராவல்ஸில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதுசு. டூர் மேனேஜராக என் முதல் டிரிப். பழைய நகரங்கள், மலை மேல் மடங்கள், திராட்சைத் தோட்டத்துக் கிராமங்கள் என்று எட்டு நாள். வந்தது பதினாலு பேர், எல்லாரும் தென்காசி சுற்றுவட்டாரம்.

ஜூன் மாதத்தில் கிளம்பியதுதான் தப்பு. குற்றாலத்தில் சீசன் களைகட்டுகிற நேரம் அல்லவா? ஆயிரம் வருஷத்துக் கோட்டை வாசலில் நின்றுகொண்டு ஊருக்கு ஃபோன் போடுவார்கள்.

"ஏலே, மெயினருவில தண்ணி விழுதா? அஞ்சருவில?"

விழுகிறது என்று பதில் வந்தால் போச்சு. அப்புறம் கோட்டையாவது கொத்தளமாவது... இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி பஸ்ஸில் ஏறுவார்கள்.

என் கவலை வேறு. அந்தப் பதினாலு பேரில் ஓர் அண்ணன் தம்பி, அவரவர் மனைவியோடு இருந்தார்கள். அண்ணன் சங்கரபாண்டி, வீரகேரளம்புதூரில் உரக்கடை. தம்பி சுப்பையா, ரிட்டயர்டு வாத்தியார், குத்துக்கல்வலசையில் வீடு. பொதுக் கிணற்று மோட்டாரில் ஆரம்பித்த தகராறு, இரண்டு பேரும் பேசிப் பன்னிரண்டு வருஷம். கல்யாணத்துக்குப் போனால்கூட ஒருவர் காலைப் பந்தி, ஒருவர் மதியப் பந்தி.

அண்ணாச்சி நேரில் வந்து புக் செய்தார். வாத்தியாருக்கு சென்னையிலிருந்து மகள் ஆன்லைனில் போட்டாள். இரண்டு பாஸ்போர்ட்டிலும் அப்பா பெயர் ஒன்றுதான் என்பதை இந்த அறிவாளி கவனிக்கவில்லை. ஏர்போர்ட்டில்தான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்!

முதலாளி ஃபோனில் கத்தினார். "எம்மா, நடுவழில ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டு நின்னா நீ அப்படியே வீட்டுக்குப் போயிரு. ஆபீஸ் பக்கம் வராத."

வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் தங்கச்சி காலேஜ். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். அண்ணாச்சிக்கு முதல் சீட், வாத்தியாருக்குக் கடைசி சீட். சாப்பாட்டு மேஜையும் ஆளுக்கொரு மூலை. எனக்கு நடுவில் தூது போகிற உத்தியோகம்.

"எம்மா, அந்தாள்ட்ட அந்த ஜன்னல மூடச் சொல்லு."

"மூட முடியாதுன்னு வாத்தியார்ட்ட சொல்லு."

ஒரு கிராமத்தில் ஒயின் செய்கிற இடம் காட்டினார்கள். பெரிய பெரிய மண்பானைகளைக் கழுத்து வரைக்கும் தரைக்குள் புதைத்து வைத்திருந்தார்கள். அண்ணாச்சி குனிந்து பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். "எம்மா, வாத்தியார்ட்ட கேளு. எங்க அம்மா மாங்கா ஊறப்போடுத பானை இம்புட்டு இருக்கும்லா?"

ஓடிப்போய்க் கேட்டேன். "இத விடச் சின்னதுன்னு சொல்லு" என்றார் வாத்தியார். திரும்பி ஓடிவந்து சொன்னேன். சண்டை வரவில்லையே, அதுவே பெரிய நிம்மதி.

ஆறாவது நாள் ஒரு மலை மடம். சாமி கும்பிட்டுவிட்டு எல்லாரும் பயபக்தியாக இறங்கி வருகிறோம்... கீழே ரோட்டோரத்தில் ஓர் அருவி!

எங்கள் ஆட்கள் நின்றுவிட்டார்கள். உள்ளூர் கைடு பெண், "இது ஃபோட்டோ எடுக்க மட்டும்தான், இங்கே யாரும் குளிப்பதில்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் நாலு சட்டை கழன்றாயிற்று. "அருவியப் பார்த்துட்டுக் குளிக்காம வந்தா ஊர்ல காறித் துப்ப மாட்டானா?" என்று கேட்டுக்கொண்டே துண்டைக் கட்டினார் ஒருவர். பனி உருகி வந்த தண்ணீர் வேறு... கைடு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணாச்சி பையிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு அருவியை ஒட்டிய பாறைக்குப் போனார். தலை, நெஞ்சு, கால் எல்லாம் தேய்த்தாயிற்று. முதுகுக்குத்தான் கை எட்டவில்லை. தோள்பட்டை வலிக்காரர். இப்படி எக்குகிறார், அப்படி வளைகிறார், ஒன்றும் நடக்கவில்லை.

கரையில் என் பக்கத்தில் நின்ற வாத்தியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எம்மா... அந்தாளத் திரும்பி நிக்கச் சொல்லு."

நான் கத்தினேன். "அண்ணாச்சீ! திரும்பி நில்லுங்க!"

அருவிச் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கிறது? காதில் கையை வைத்து "என்னது?" என்றார். இன்னொரு தடவை கத்தினேன். என் தொண்டைதான் கட்டியது.

வாத்தியார் ஒரு நிமிஷம் தயங்கினார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, பள்ளிக்கூடமே கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"எண்ணே! திரும்புண்ணே! நான் தேய்க்கேன்!"

அண்ணாச்சி திரும்பினார். பாட்டிலைப் பின்பக்கமாக நீட்டினார். வாத்தியார் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

"பன்னெண்டு சீசன் போச்சேலே, சுப்பையா..."

"பேசாம குனிண்ணே" என்றார் வாத்தியார். அப்புறம் இரண்டு பேரும் அருவிக்குள் போய் நின்றுகொண்டு, குளிர் தாங்காமல் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஓவென்று கத்தினார்கள். கரையில் நின்ற இரண்டு மதினிமாரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும்தான், எனக்கென்ன வந்தது என்று தெரியாமலே.

இப்போது எனக்கே ஒரு சின்ன டிராவல்ஸ் இருக்கிறது. சீட்டையெல்லாம் அவரவரே ஆப்பில் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்று பார்க்கிற வேலை எனக்கு இல்லை. அண்ணனும் தம்பியும் வருஷா வருஷம் ஜோடியாகத்தான் வருகிறார்கள். வண்டி ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் இரண்டு பேருக்கும் ஓயாத வாக்குவாதம். கேட்கக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்தும். அந்த ஐந்து நாளும் தூது போய் வேலையைக் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்தேன். அவர்களைப் பேசவிடாமல் நடுவில் நின்றதே நான்தானோ!

போன மாத டிரிப்பில் ஓர் அம்மா வீட்டுக்காரரோடு கோபித்துக்கொண்டு, "எம்மா, அவருட்ட மாத்திரையப் போடச் சொல்லு" என்றார்கள்.

"இங்கன ஒரே சத்தமா இருக்கு, எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா. நீங்களே சொல்லுங்க" என்றேன்.

பஸ் அப்போது நின்றுகொண்டிருந்தது. ஏசி சத்தம்கூடக் கிடையாது.