காவிரிக்கு அந்தப் பக்கத்து ரயில்

ஜெயித்துவிட்டோம்! நாலு வாரமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் கத்திய கத்தலுக்குப் பலன் என்று மார்தட்டிக்கொள்ள ஆசைதான். உண்மை வேறு — ஜெயித்துக் கொடுத்தது கொல்லிமலையில் ஒரு மண்சரிவு.

விஷயம் இதுதான். சேலத்திலிருந்து நாமக்கல், கரூர் வழியாகத் தெற்கே ரயில் வேண்டும். ஆனால் காவிரியைத் தாண்டினால் கரூர் வேறு ஜில்லா; ஒரு ஜில்லா போர்டு தன் எல்லைக்கு வெளியே ரயிலுக்குப் பணம் போடக்கூடாதாம். அந்தத் தடையை நீக்கத்தான் சட்டசபையில் மசோதா. எங்கள் சேலம் போர்டு அதை ஆதரிக்குமா? என் பக்கத்து வீட்டுக்காரரான போர்டு மெம்பர் மறுத்துக்கொண்டே இருந்தார். நம் வரிப்பணத்தைக் காவிரிக்கு அந்தப் பக்கம் கொட்டுவதா என்பது அவர் வாதம்.

போன வாரம் அவர் கொல்லிமலையில் வாசலூர்பட்டிக்குப் போகும் பாதையைப் பார்வையிடக் கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். ஆலத்தூர் நாட்டில் — மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு ‘நாடு’ — மழைக்கு மண் சரிந்து வழியே இல்லை. ஒரு கூட்டம் மண்வெட்டியோடு வேலை செய்துகொண்டிருந்தது. பாதிப் பேர் பெரக்கரை நாட்டுக்காரர்கள்! அடுத்த நாட்டுப் பாதையில் உங்களுக்கு என்ன வேலை என்று மெம்பர் கேட்டார். பெரியண்ணன் என்ற மிளகு விவசாயி நிமிர்ந்தார்.

“இது அடைஞ்சு கெடந்தா நாங்க எப்படீங்க எறங்கறது? அடுத்த வெள்ளிக்கெழமை எம்பொண்டாட்டிய மதுரைக்குக் கூட்டிட்டுப் போகோணுங்க. கண்ணுல பொரை உழுந்துருச்சு.”

தாமதித்தால் பார்வை திரும்பாது என்று டாக்டர் எச்சரித்திருக்கிறாராம். கரூரில் ரயிலைப் பிடிக்கும்வரை டோலி, மாட்டு வண்டி, பரிசல்...

நான் மெம்பரைப் பார்த்தேன். “நான் அப்போதே சொல்லவில்லையா” என்று குத்திக்காட்டவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும்.

திங்களன்று போர்டு கூடியது. மெம்பர் எழுந்தார். “தண்டவாளம் எந்த ஜில்லாவில் கிடந்தால் என்ன? ஏறப்போவது நம் ஜனங்கள்” என்று முழங்கினார். மசோதாவை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேறியது! யோசனை தம்முடையதே என்று இப்போது ஊரெல்லாம் சொல்லி வருகிறார். சொல்லட்டுமே... எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வெள்ளியன்று அடிவாரத்துக்குப் போனேன். பெரியண்ணனின் மனைவி செல்லாயி வண்டியில் உட்கார்ந்திருந்தார். தீர்மானத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் என் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“நம்ம பக்கம் ரயிலு வாரப்ப யாரும் கை புடிக்க வேண்டாமுங்க. நானே பாத்து ஏறிக்குவேன்.”

மதுரை டாக்டர் தம் வேலையை முடித்துவிடுவார். சட்டசபைக் கனவான்களே — உங்கள் வேலை எப்போது?