ஸ்டியரிங் இழுக்குது

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரியில் பல வருஷம் கொழுந்து எடை போடும் வேலை பார்த்தவள் நான். மூட்டையைத் தராசில் ஏற்றும் முன் கையை அடிவரைக்கும் விட்டுத் துழாவுவேன். மேலே நல்ல கொழுந்து இருக்கும், நடுவில் தண்ணீர் தெளித்த இலை இருக்கும், அடியில் சில சமயம் கல்லே இருக்கும். "அந்தக்கா கைய வுட்டா போச்சு" என்று மூட்டை கொண்டுவந்தவர்கள் முணுமுணுப்பது காதில் விழும். எனக்கு அது பாராட்டு. வேலையை விட்ட பிறகும் கைப்பழக்கம் போகவில்லை. தக்காளி வாங்கினாலும் கூடையின் அடியிலிருந்துதான் எடுப்பேன்.

அப்படிப்பட்டவளைக் கூட்டிக்கொண்டு பழைய ஜீப் வாங்கப் புறப்பட்டார் என் வீட்டுக்காரர்.

அவர் எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்து ரிட்டயரானவர். கம்பெனி ஜீப்பை மழையிலும் சேற்றிலும் ஓட்டியே தலை நரைத்தவர். சர்வீஸ் முழுக்கக் கம்பெனி குவார்ட்டர்ஸில்தான் குடியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் எது தெரிய வேண்டும் என்பதைக்கூடக் கம்பெனிதான் முடிவு செய்தது. ரிட்டயரானதும் ஃபோர் வீல் ஜீப் ஒன்று வாங்கி, கூடாரத்தை மேலே கட்டிக்கொண்டு இமயமலை வரைக்கும் போக வேண்டும், மனசுக்குப் பிடித்த இடத்தில் படுத்து எழுந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. கல்யாணமான புதிதில் சரியென்று தலையாட்டிவிட்டார். நான் அதை மறக்க விடவில்லை. கூடாரம் முதலில் வந்தது. வாடகை வீட்டு ஹாலில் அதை விரித்து, உள்ளே உட்கார்ந்து டீகூடக் குடித்தாயிற்று. வண்டிதான் பாக்கி. புது வண்டி எங்கள் கைக்கு எட்டாது.

முதல் வண்டியைப் பெர்ன்ஹில்லில் ஒரு புரோக்கர் காட்டினார். இறங்கியதுமே பானெட்டில் கை வைத்தேன். சுட்டது. ஊட்டிக் குளிரில் விறைத்துக் கிடக்கும் டீசல் இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்றுதானே பார்க்க வேண்டும்?

"இப்பத்தானுங்க்கா, பால் வாங்கப் போய்ட்டு வந்தேன்" என்றார்.

பால் வாங்க ஃபோர் வீல் ஜீப்! சரிதான். என் வீட்டுக்காரர் இடது பக்கமாக ஏறி உட்கார்ந்து, "நீங்களே ஓட்டுங்க" என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பின் சீட்டில் இருந்த என்னிடம், "ஓட்டறவனுக்குச் சத்தம் கேக்காது அம்மிணி. பக்கத்துல உக்காந்தாத்தான் இன்ஜின் சங்கதி தெரியும்" என்றார். எனக்கு ஒரே பெருமை. நமக்கு மேல் விவரமாக இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் நான் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். முன் சக்கரங்களைச் சுற்ற வேண்டிய ஷாஃப்டையே காணோம். டீசல் மிச்சம் பிடிக்க எந்த மகராசனோ கழற்றியிருக்கிறான். உள்ளே ஃபோர் வீல் கியர் மட்டும் ஜம்மென்று நின்றது.

"மாட்டிக்கலாமுங்க்கா, பெரிய வேலையில்ல."

"மாட்டிட்டுக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இரண்டாவது வண்டி குன்னூரில். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்திருந்தார்கள். "ஏனுங்க, இப்புடி நிறுத்தியிருக்கீங்க?" என்றேன். இடமில்லை என்றார் வண்டிக்காரர். எதிரிலேயே லாரி நிற்கும் அளவுக்குச் சமதரை காலியாகக் கிடந்தது. கல்லை எடுத்துவிட்டு உருட்டினால்தான் அந்த வண்டி கிளம்பும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் உள்ளே விரித்திருந்த புது ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். துருப்பிடித்த ஓட்டை வழியாகத் தரையில் முளைத்திருந்த புல் தெரிந்தது. அங்கேயும் என் வீட்டுக்காரர் ஸ்டியரிங் பக்கம் போகவில்லை.

மூன்றாவது வண்டி கட்டபெட்டில், தேயிலையும் கேரட்டும் போடும் படகர் இனத்து விவசாயி ஒருவருடையது. அவர் என்னை வேறு விதமாகக் கலவரப்படுத்தினார். நான் கேட்பதற்கு முன்பே, "ஹீட்டர் வேலை செய்யாதுங்க, பின் கதவு ரெண்டு தடவ அறைஞ்சாத்தான் சாத்தும்" என்று குறைகளைத் தானே ஒப்பித்தார். விற்கிற பொருளின் குறையை விற்கிறவனே சொன்னால் அதைவிடப் பெரிய குறை எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். விடுவேனா? பானெட் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் முதல் தடவையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. விரிப்புக்கு அடியில் துரு இல்லை. ஷாஃப்ட் இருந்தது. கேரட் காட்டுச் சேற்று மேட்டில், எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு நாலு சக்கரமும் உருள ஏற்றிக் காட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. துழாவித் துழாவிப் பார்த்தும் ஒன்றும் அகப்படாவிட்டால் எனக்கு அது மானக்கேடு.

விலையும் எங்களுக்குக் கட்டுப்படியானதுதான். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். இடது பக்கத்திலிருந்து இறங்கி வந்த என் வீட்டுக்காரர், "வேண்டாம் அம்மிணி. ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது" என்றார்.

"இழுக்காதுங்களே" என்றார் வண்டிக்காரர், முகம் வாடி.

எனக்குச் சுருக்கென்றது. இவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லையே?

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ரிட்டயரான கையோடு, பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே இருக்கிறது என்று சொல்லிப் பழைய காரை விற்றது. முட்டி வலி என்று ஸ்கூட்டர் சாவியை என்னிடம் தந்தது. பொழுது சாய்ந்தால் வெளியே கிளம்பாதது. ஊரிலிருக்கும் மூட்டையையெல்லாம் துழாவினேன், வீட்டு மூட்டையை விட்டுவிட்டேன்.

"நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்றேன்.

மறுக்க முடியாமல் ஏறினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் கியரைத் தொடவில்லை. ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்ட வண்டிக்காரர், டீ சொல்லிவிட்டு வருவதாக வீட்டுக்குள் போய்விட்டார். நான் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன்.

"வண்டி நல்ல வண்டி அம்மிணி" என்றார், இன்ஜினை அணைத்து.

"அப்பறம் என்னங்க?"

"எனக்கு நடுவுல தெரிய மாட்டீங்குது. ஓரமெல்லாம் தெரியுது. நேரா பாத்தா மஞ்சு மூடுன மாதிரி இருக்குது. சக்கரை கண்ணுக்குப் போயிருச்சாம்."

"எப்பத் தெரியும்?"

"பென்சன் விசயமா கோயமுத்தூர் போனேன்ல, அன்னிக்கி டாக்டரத்தான் பாத்தேன். ஊசி போட்டா இருக்கறதக் காப்பாத்தலாமாம். போனது வராதாம்."

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? இத்தன வருசம் கூட இருந்த நானென்ன பக்கத்து ஊட்டுக்காரியா?" என்று கத்தினேன்.

"இமயமலைக்குப் போவ வேண்டாம்னு சொல்ல வாய் வரல. வண்டி வேண்டாம்னு சொல்றது சுலபமா இருந்துச்சு" என்றார்.

அந்த வார்த்தையில் என் ஆத்திரம் அடங்கியது என்று சொன்னால் பொய். இன்னும் கொஞ்சம் ஏறியது. "இறங்குங்க" என்றேன். ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்று நினைத்து அவர் பஸ் ஸ்டாப் பக்கம் நடக்கப் பார்த்தார். நான் சுற்றி வந்து ஸ்டியரிங் பக்கம் ஏறினேன். கோத்தகிரி பஜாருக்குள் கார் ஓட்டியிருக்கிறேனே தவிர, ஜீப்பைத் தொட்டதில்லை. அவரை இடது பக்கம் ஏறச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ரெண்டு முறை அணைந்து, குதித்து, ஒருவழியாக நகர்ந்தது. டீ டம்ளர்களோடு வாசலுக்கு வந்த வண்டிக்காரர் என்னையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு என் மேல் துளி நம்பிக்கையில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வண்டியை வாங்கினோம். அவர் கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த மாதங்களில் நான் மலைப்பாதையில் ஓட்டப் பழகினேன். "திணறுது பாரு, ரெண்டுக்கு மாத்து" என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார். அது மட்டும் நடிப்பில்லை, காது நிஜமாகவே கெட்டிக்காரக் காது. டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகுதான் கிளம்பினோம்.

ஆனால் வழி நெடுக எனக்கு அவர்மேல் சந்தேகம். ஆற்றைப் பார்த்து "அருமை" என்பார். நிஜமாகத் தெரிந்துதான் சொல்கிறாரா, எனக்காகச் சொல்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். கேட்கப் பயமாக இருந்தது.

இமயமலையில் ஒரு கணவாய்க்குக் கீழே கூடாரம் போட்டோம். காலையில் கூடாரத்து ஜிப்பைத் திறந்து இருவரும் வெளியே வந்து நின்றோம். எங்கும் மேகம் அடைத்திருந்தது.

"மலை தெரியுதா அம்மிணி?" என்றார்.

இதற்காகத்தானே இத்தனை தூரம் வந்தார் மனுஷன் என்று நினைத்து, "தெரியுதுங்க. உச்சியெல்லாம் பனி" என்றேன்.

என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "யோசிச்சுட்டுச் சொல்ற. நீ பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் தெரியும். நெசத்தச் சொல்லு."

"ஒண்ணுமே தெரியலீங்க. வெறும் மேகம்" என்றேன்.

"எனக்கும் அதேதான் தெரியுது" என்று சிரித்தார்.