அவள் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்தும் கோணல்மாணலாகத்தான் வரும். ஆனாலும் இங்கிலீஷில் முதலாவதாக வந்தவள் என்று மருமகள்களிடம் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. எப்படி வந்தேன் என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை.

வெள்ளைக்காரன் காலம். பூந்தமல்லியில் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். காலையில் மொக்குப் பறிக்கச் சேரியிலிருந்து ஒருத்தி வருவாள். என் வயசுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பும்கூட. ஊர்க்காரர்கள் சண்டை போட்டு, அவளை எல்லாருக்கும் பின்னால் தனிப்பாயில் உட்காரவைத்திருந்தார்கள். எனக்குப் பாடம் ஏறாது. பூப்பறித்துக்கொண்டே அவள்தான் சொல்லிக்கொடுப்பாள்.

"சின்னம்மா, 'டை'ன்னா கட்டு. முன்னாடி 'அன்' வெச்சா அவுத்துவுடு. 'ரீ' வெச்சா இன்னொரு தபா கட்டு. அவ்ளோதான்."

"எல்லாத்துக்கும் 'அன்' வெச்சிக்கலாமாடி?"

"ஐய, உன் இஷ்டத்துக்கா? சிலதுக்கு 'டிஸ்'ஸு வரும். மனப்பாடம் பண்ணு."

அந்த வருஷம் பரீட்சை பார்க்க ஒரு துரைசானி வந்தார். நன்றாகப் பதில் சொல்லும் ஒரே ஒரு பெண்ணுக்குப் பட்டணத்தில் தங்கிப் படிக்க இடம். முடித்தால் டீச்சர் வேலை. அவள் அதற்காகவே படித்தாள். எனக்கு அந்த இடம் உதவாது. வயசுக்கு வரப்போகிற பெண், இந்த வருஷத்தோடு சரி என்று அப்பா எப்போதோ சொல்லியாகிவிட்டது.

'ஒபே' என்றால் கீழ்ப்படி, அதற்கு எதிர்ச்சொல் சொல்லுங்கள் என்றார் துரைசானி. முன்வரிசை முழுக்க 'அன்ஒபே' என்று கத்தியது. பின்னாலிருந்து "டிஸ்ஒபே" என்று மெல்ல வந்தது. அது துரைசானிக்கு எட்டவில்லை. கடைசி பெஞ்சிலிருந்த எனக்கு எட்டியது. எழுந்து உரக்கச் சொன்னேன். அடுத்த மூன்று கேள்விக்கும் அப்படியே. ஐந்தாவது கேள்வி வந்தபோது பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. அதற்குள் என் பேரை எழுதிக்கொண்டார்கள்.

ஏன் செய்தேன்? எங்கள் தோட்டத்தில் கூடை தூக்குகிறவள் டீச்சராகி எதிரே வந்து நிற்பதா என்றிருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அப்பா அனுப்ப மாட்டேன் என்றதும் பெரிய டீச்சர் தோட்டத்துக்கே வந்தார்.

"நீ போகவில்லையென்றால் பரவாயில்லை அம்மா. உன்னைப்போல் பதில் தெரிந்தவள் வேறு யாராவது இருக்கிறாளா? சொல்லு, அவளை அனுப்புகிறேன்."

இரண்டு பாத்தி தள்ளி அவள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. என்னையே பார்த்தாள்.

"யாருமில்ல டீச்சரம்மா" என்றேன்.

இடம் வேறு ஊர்ப் பெண்ணுக்குப் போயிற்று. மறுநாள் பள்ளிக்கூட நேரம் தாண்டியும் அவள் பூப்பறித்துக்கொண்டிருந்தாள். அம்மா கேட்டாள்:

"இன்னாடி, நேரமாவுது, இஸ்கூலுக்குப் போவல?"

"இனிமே போவல பெரீம்மா. எதுக்கு?"

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது கத்தியிருப்பேன்.